மரச்செக்குக் கடைக்கு நாமே எழுதிக்கொள்வது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டவும்

செக்குமேடு | 3 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைக்கு அருகில் நானும் என் கணவரும் நான்கு ஆண்டுகளாக மரச்செக்கு நடத்திவருகிறோம். வாகை மரத்தில் கடைந்த இரண்டு செக்குகள் உள்ளன. கடலை, எள், கொப்பரை மூன்றையும் ஆட்டுகிறோம். எள்ளைச் சிவகிரியிலும் கொப்பரையை அவல்பூந்துறையிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலம் எடுக்கும் வியாபாரிகளிடமிருந்து வாங்குகிறோம்.

கடந்த தை மாதம் முதல் மூன்று மாதங்களுக்கு, எங்கள் சமூக ஊடகப் பக்கங்களை ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். மாதம் 12,000 ரூபாய். அவர்கள் நாள்தோறும் ஒரு காலை வணக்கப் படமும், பண்டிகைதோறும் ஒரு வாழ்த்துப் படமும் போட்டார்கள். அவற்றுள் ஆறு படங்களில் 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்ற பழமொழி இருந்தது. பக்கத்தைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவரும் வேலை ஏதும் காலியாக இருக்கிறதா என்று கேட்கவே அழைத்திருந்தார்.

இன்று ஆடிப்பெருக்கு. வாழ்த்துப் படம் எதுவும் போடவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. இனி நாமே எழுதுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். என்னிடம் இருப்பவை ஒரு கைபேசியும் வாரத்தில் நான்கு மணி நேரமும் மட்டுமே. எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எழுதியதால் பயன் விளைந்ததா என்பதை எப்படி அறிவது?

திண்ணைக்காரர் | 3 ஆகஸ்ட்

எதை எழுதுவது என்பதற்கு முன், யாருக்கு எழுதுவது என்பது தெரிய வேண்டும். உங்களிடம் வாங்குபவர்கள் யார் யார்? நேரில் வருபவர்கள் எத்தனை பேர், அஞ்சலில் பெறுபவர்கள் எத்தனை பேர் என்று தோராயமாகவாவது சொல்லுங்கள். இது தெரியாமல் அறிவுரை சொன்னால், அது அந்த நிறுவனம் செய்த வேலையைப் போலவே முடியும்.

செக்குமேடு | 4 ஆகஸ்ட்

எண்ணெயில் பத்தில் ஆறு பங்கு நேரில் வந்து வாங்குபவர்களுக்குப் போகிறது. அவர்களில் பலர் சொந்தக் கடலையையும் தேங்காயையும் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிச் செல்பவர்கள். மூன்று பங்கு சென்னை, பெங்களூரு, கோவை ஆகிய ஊர்களுக்குக் கூரியரில் செல்கிறது. மீதி ஒரு பங்கு இரண்டு பலகாரக் கடைகளுக்கு. பிண்ணாக்கை மாடு வைத்திருக்கும் விவசாயிகள் எடுத்துக்கொள்கிறார்கள். சில மாதங்களில் பிண்ணாக்கு தேங்கிவிடுவதும் உண்டு. நான் கவலைப்படுவது அந்தக் கூரியர் பங்கைப் பற்றித்தான். முதல் முறை வாங்குபவர்கள் இரண்டாம் முறை வருவதில்லை.

பழைய பிழைதிருத்தி | 5 ஆகஸ்ட்

அம்மணி, நான் முப்பது ஆண்டுகள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவன். இப்போது சிறு கடைகளுக்கு அறிவிப்புகளும் சிட்டைகளும் எழுதிக்கொடுக்கிறேன். உங்கள் பதிலின் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. முதல் முறை வாங்கியவர் இரண்டாம் முறை ஏன் வரவில்லை? புட்டியைத் திறந்த பிறகு அவர் ஏதோ ஒன்றைக் கண்டு ஐயப்பட்டிருக்கிறார். நேரில் வருபவருக்கும் அதே ஐயம் எழும். ஆனால் அவர் மறுமுறை வரும்போது உங்களிடமே கேட்டுவிடுகிறார், நீங்களும் விளக்கிவிடுகிறீர்கள். சென்னையில் இருப்பவருக்கு அந்த விளக்கம் கிடைப்பதில்லை. உங்கள் எழுத்து செய்ய வேண்டிய வேலை அதுதான்.

கல்லாப்பெட்டியின் அருகே ஒரு நாற்பது பக்க நோட்டை நூல் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்கு, வாடிக்கையாளர் எவர் எதைக் கேட்டாலும் அவர் கேட்ட சொற்களிலேயே அதில் குறித்துவையுங்கள். நீங்கள் திருத்தி எழுத வேண்டாம். 'கடலை எண்ணெய் பொங்குதுங்களே, ஏதாவது கலந்திருக்கா?' என்று ஒருவர் கேட்டால், நோட்டில் அது அப்படியே இருக்க வேண்டும். ஏனென்றால் இரவு பத்து மணிக்கு இன்னொரு வீட்டில் இன்னொருவர் கூகுளில் தட்டச்சு செய்வதும், குரலில் கேட்பதும் ஏறத்தாழ அதே சொற்களைத்தான். 'மரச்செக்கு எண்ணெயின் மகத்துவம்' என்று எந்த வீட்டிலும் எவரும் தேடுவதில்லை.

ஒரு மாதிரிக்கு அந்தப் பொங்கும் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். சுத்திகரித்த எண்ணெயிலிருந்து பாஸ்போலிப்பிட் எனப்படும் பிசின் போன்ற பொருள்களை ஆலையிலேயே பிரித்து எடுத்துவிடுகிறார்கள். செக்கு எண்ணெயில் அவை தங்கிவிடுகின்றன. ஈரமான மாவோ வடையோ உள்ளே விழும்போது வெளிவரும் நீராவியை அவை நுரையாகப் பிடித்துவைக்கின்றன. ஆகவே அகன்ற வாணலியில் பாதிக்கும் குறைவாக எண்ணெய் ஊற்ற வேண்டும், தீயை மிதமாக வைக்க வேண்டும். சுத்திகரித்த எண்ணெயைவிட இது சற்று முன்னதாகவே புகையத் தொடங்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பலமுறை காய்ச்சிய எண்ணெயும் நுரைக்கும், அப்படிப்பட்ட எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தால், படிப்பவர் உங்களை நம்புவார். தன் பொருளின் குறையையும் ஒருவர் சொல்லும்போதுதான் அவர் சொல்லும் நிறை காதில் ஏறுகிறது.

இப்படி ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தொடக்கத்தில் பத்துக் கேள்விகளுக்கு எழுதி முடித்தாலே பெரிய வேலை. வாரம் ஒன்று என்று நாள்கணக்கு வைக்காதீர்கள். எழுத எதுவும் இல்லாத வாரத்தில்தான் காலை வணக்கப் படங்கள் பிறக்கின்றன.

மளிகைக்காரன் | 5 ஆகஸ்ட்

இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துபவன் என்ற முறையில் மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். இவ்வளவு நீளமாக எழுதினால் படிப்பதற்கு ஆள் இல்லை. என் கடையில் ஆண்டுதோறும் சிவகாசியில் அச்சிட்ட நாள்காட்டிகளை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறேன். ஒரு நாள்காட்டி ஆண்டு முழுவதும் ஒரு வீட்டின் சுவரில் தொங்குகிறது. நாள்தோறும் தாள் கிழிக்கும்போது கடையின் பெயர் கண்ணில் படுகிறது. இதைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்தக் கைபேசியும் தந்துவிடாது. இந்த அம்மையார் தம் நான்கு மணி நேரத்தைப் பக்கத்து ஊர்ச் சந்தைகளில் செலவிட்டால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பழைய பிழைதிருத்தி | 6 ஆகஸ்ட்

ஐயா, உங்கள் நாள்காட்டி நான் சொன்னதற்கே சான்றாகிறது. உங்கள் கடையின் பெயருக்காக எவரும் அதைச் சுவரில் மாட்டவில்லை. இராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள், அமாவாசை ஆகியவற்றைப் பார்க்கவே மாட்டுகிறார்கள். பயன்படும் செய்தி மேலே இருக்கிறது, உங்கள் பெயர் அதன் நிழலில் இருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் ஜான் டீர் என்ற கலப்பை நிறுவனம் உழவர்களுக்காக 'தி ஃபர்ரோ' என்ற இதழைத் தொடங்கியதும் இதே கணக்கில்தான். சென்னைக்கு நாள்காட்டியைக் கூரியரில் அனுப்பினால் ஆகும் செலவையும் ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

கரிசல்விதை | 9 ஆகஸ்ட்

கோவில்பட்டிப் பக்கத்தில் நாட்டு விதைகளை விற்கும் தொழிலில் இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக என் கடைக்கு நானே எழுதிவருகிறேன். 'எங்கே எழுதுவது' என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நான் முதலில் டிக்டாக்கில் தொடங்கினேன். 2020 ஜூன் இறுதியில் அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. என் காணொளிகள் அனைத்தும் ஒரே இரவில் கைக்கு எட்டாமல் போயின. அடுத்ததாக, கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையதளத்தில் எழுதினேன். 2024 மார்ச்சில் கூகுள் அந்த இலவசத் தளங்களை எல்லாம் மூடிவிட்டது. இரண்டு முறை அடுத்தவர் மனையில் மாடி கட்டிய பிறகே எனக்குப் புத்தி வந்தது. சொந்தமாக ஒரு தளப் பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். கட்டுரையின் முழு வடிவம் அங்கே இருக்கட்டும். மற்ற இடங்களில் அதன் துண்டுகளையும் இணைப்பையும் மட்டும் போடுங்கள்.

இதனால் கூகுள் வணிகப் பக்கம் வேண்டாம் என்று பொருளாகாது. நேரில் வரும் ஆறு பங்குக்கு அதுதான் வாசல். கடை திறக்கும் நேரம், ஆயுத பூசை போன்ற விடுமுறை நாள்கள், வண்டி நிறுத்தும் இடம், கூலிக்கு ஆட்டித் தருவீர்களா என்ற செய்தி ஆகியவை சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மதிப்புரை எழுதினால் நூறு மில்லி எண்ணெய் இலவசம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பரிசு கொடுத்து மதிப்புரை பெறுவதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன, அவை நீக்கப்படலாம். கெட்ட மதிப்புரைக்கு நீங்கள் எழுதும் பதிலை, அதை எழுதியவரைவிட அடுத்து வருபவரே கவனமாகப் படிப்பார்.

வாட்ஸ்அப் பிசினஸில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்துவைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி சென்று சேரும். நான் இது தெரியாமல் ஓராண்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கத் தொடங்கிய பிறகே பதில்கள் வரத் தொடங்கின.

இன்னொன்று. எழுத்துகளைப் படத்துக்குள் வைத்துவிட்டு, எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள். அழகான எழுத்துருவில் படமாகச் செய்த செய்தியைத் தேடுபொறி ஒழுங்காகப் படிக்கும் என்று நம்ப முடியாது. பார்வை குறைந்தவர்களின் வாசிப்புக் கருவிகளும் அதில் தடுமாறும். ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். 'நல்லெண்ணெய்' என்று தேடுபவரும் 'எள் எண்ணெய்' என்று தேடுபவரும் வேறு வேறு ஆள்கள். இரு சொற்களும் கட்டுரையில் இயல்பாக வந்து போகட்டும். தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தேடுபவர்களும் ஏராளம், ஆகவே தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் அந்த வடிவத்தையும் சேர்க்கலாம்.

அளவுகோல் | 10 ஆகஸ்ட்

உணவுப் பொருள்களின் மேல் ஒட்டும் சீட்டுகளைச் சரிபார்ப்பது என் தொழில். எழுதத் தொடங்குவதற்கு முன், எதை எழுதக் கூடாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

மரச்செக்கு எண்ணெய் குடித்தால் நீரிழிவு குணமாகும், மாரடைப்பு வராது என்று எழுதும் கடைகள் எத்தனையோ உள்ளன. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம், அதன் பட்டியலில் உள்ள நோய்களுக்குத் தீர்வு தருவதாகச் செய்யும் விளம்பரங்களைக் குற்றமாக்குகிறது. நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதைத் தவிர, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விளம்பரம், உரிமைகோரல் ஒழுங்குமுறைகளும் உங்களுக்குப் பொருந்தும். உங்கள் வாட்ஸ்அப் செய்தியும் விளம்பரம்தான். '100 சதவீதம் தூய்மை' என்ற சொற்றொடரையும் விட்டுவிடுங்கள். 2025 மே மாதத்தில் ஆணையம் வெளியிட்ட அறிவுரை, உணவுப் பொருள்களின் சீட்டுகளிலும் விளம்பரங்களிலும் '100 சதவீதம்' என்று குறிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.

அந்தப் பழமொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சட்டப்படி தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லாச் செக்குக் கடைகளின் பலகையிலும் அது இருப்பதால், உங்கள் கடையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பயனுள்ள ஒன்று: உங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பதை ஒரு கட்டுரையாகவே எழுதுங்கள். கிலோவுக்கும் லிட்டருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறியாமல், விலை ஒப்பிட்டுச் சண்டைக்கு வருபவர்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

செக்குமேடு | 31 ஆகஸ்ட்

நோட்டு நிரம்பிக்கொண்டிருக்கிறது. அதிகமான முறை வந்த கேள்வி, 'கடையில் பாக்கெட் எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்கும்போது உங்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு?' என்பதுதான். அதற்கு எழுதிய வரைவைக் கீழே தருகிறேன். தயவுசெய்து குறைகளைச் சொல்லுங்கள்.

'பழம்பெருமை வாய்ந்த நம் தமிழ் மண்ணில் தொன்றுதொட்டுச் செக்கு எண்ணெய் பயன்பட்டு வந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். இன்றைய அவசர உலகில் நாம் அதை மறந்துவிட்டோம். எங்கள் கடையில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு தேவைப்படுகிறது. பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 325 ரூபாய். ஒன்றரைக் கிலோ பிண்ணாக்கு கிடைக்கும். அதைக் கிலோ 44 ரூபாய்க்கு விற்றால் 66 ரூபாய் திரும்பிவரும். ஆக, பருப்பின் செலவு 259 ரூபாய். ஆட்டும் கூலி, மின்சாரம், புட்டி, சீட்டு எல்லாம் சேர்த்து 45 ரூபாய். மொத்தம் 304 ரூபாய். வரியுடன் 340 ரூபாய்க்கு விற்கிறோம். 5 சதவீத வரி போக எங்களுக்கு மிஞ்சுவது 20 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.'

மளிகைக்காரன் | 31 ஆகஸ்ட்

கணக்கைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. எந்த வணிகரும் தம் ஆதாயத்தை ஊருக்குச் சொல்வதில்லை. பலகாரக் கடைக்காரர் இதைப் படித்தால், இருபதில் பத்தைக் குறைக்கச் சொல்வார். பருப்பின் விலை இறங்கும் நாளில், 'உங்கள் கணக்குப்படியே குறையுங்கள்' என்று எல்லோரும் வந்து நிற்பார்கள். இந்த இழையில் நான் சொல்லும் ஒன்றையாவது கேளுங்கள்.

பழைய பிழைதிருத்தி | 1 செப்டம்பர்

இம்முறை மளிகைக்காரர் சொல்வது சரி. ரூபாய்க் கணக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் எடைக் கணக்கை விட்டுவிடாதீர்கள். ரூபாய் ஏலத்துக்கு ஏலம் மாறும், எழுதிய கட்டுரை மறுமாதமே பழையதாகிவிடும். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் என்பது அவ்வளவு எளிதில் மாறாது. படிப்பவர் தம் ஊர்க் கடையில் பருப்பு என்ன விலை விற்கிறது என்று அறிவார், பெருக்கிப் பார்த்துக்கொள்வார். நீங்கள் போட்டுக்காட்டும் கணக்கைவிட அவரே போட்ட கணக்கில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

முதல் இரண்டு வாக்கியங்களையும் நீக்குங்கள். பழம்பெருமையைப் பற்றி அவர் கேட்கவில்லை, விலையைப் பற்றிக் கேட்டார். 'ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு' என்பதே முதல் வரியாக இருக்கட்டும். தராசில் இரண்டரைக் கிலோ பருப்பும் அதன் பக்கத்தில் ஒரு லிட்டர் புட்டியும் இருக்கும் ஒரு படம் போதும். வெளியே வெயிலில் வைத்து எடுங்கள். பிறகு, பெரிய ஆலைகளில் அழுத்திப் பிழிந்த பிண்ணாக்கிலிருந்து கரைப்பானைக் கொண்டு எஞ்சிய எண்ணெயையும் எடுத்துவிடுகிறார்கள், செக்கில் அது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லுங்கள். அந்தப் பத்தி, பிண்ணாக்கு வாங்கும் விவசாயிக்கும் சுவையான செய்தி.

புதுக்கிளை | 2 செப்டம்பர்

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் முப்பது கட்டுரைகளை எழுதிக்கொடுத்துவிடும். ஒரே நாளில் தளத்தை நிரப்பிவிடலாம் அல்லவா?

கரிசல்விதை | 2 செப்டம்பர்

நிரப்பலாம். ஆனால் கூகுள் 2024 மார்ச்சில் கொண்டுவந்த கொள்கை, தேடலில் முன்னேறுவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, அவற்றை மனிதர் எழுதினாலும் பொறி எழுதினாலும், முறைகேடாகவே கருதுகிறது. நான் ஒருமுறை ஆவலினால் செக்கு எண்ணெய் பற்றி எழுதச் சொல்லிப் பார்த்தேன். வழுவழுப்பான நடையில், கொப்பரை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது மரபு என்று எழுதிக்கொடுத்தது. கருப்பட்டி சேர்ப்பது எள்ளுக்கு என்பது செக்கடியில் ஒரு நாள் நின்றவர்க்கும் தெரியும். வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

எழுத்துப்பிழை பார்க்கவும், நீண்டுவிட்ட ஒன்றைச் சுருக்கவும், நீங்கள் பேசிப் பதிவு செய்ததை எழுத்தாக்கவும் அச்செயலிகளைப் பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்துகிறேன். செய்தி மட்டும் உங்கள் நோட்டிலிருந்து வர வேண்டும்.

திண்ணைக்காரர் | 4 செப்டம்பர்

காணொளி பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். செக்கு சுற்றுவதும் எண்ணெய் வழிவதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சிகள். ஆனால் செக்கின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. காட்சியை முதலில் எடுத்துக்கொண்டு, பேச்சை வீட்டில் அமைதியான அறையில் தனியாகப் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 'வணக்கம் நண்பர்களே, நம் பக்கத்துக்கு வரவேற்கிறோம்' என்று தொடங்காமல், கேள்வியிலேயே தொடங்குங்கள். தீபாவளிக்கு அக்டோபர் 20 வரைதான் இருக்கிறது. பலகார எண்ணெய் வாங்குபவர் அதற்கு மூன்று வாரங்கள் முன்பே முடிவு செய்துவிடுவார். பொங்கும் எண்ணெய் பற்றிய காணொளி செப்டம்பர் மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.

பயன் விளைந்ததா என்று அறிவதற்கு அந்த நோட்டிலேயே இரண்டாவதாக ஒரு கட்டம் போடுங்கள். புதிதாக வாங்குபவர் ஒவ்வொருவரிடமும், எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். தளத்துக்குக் கூகுளின் சர்ச் கன்சோலை இணைத்துவிட்டால், எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்பதை அது காசில்லாமல் காட்டும். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதில்லை.

செக்குமேடு | 4 ஜனவரி 2026

நீண்ட நாள்களுக்குப் பிறகு வருகிறேன், பொறுத்தருள்க. ஐந்து மாதங்களில் பதினான்கு பக்கங்கள் எழுத நினைத்து, ஏழுதான் எழுத முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் ஐந்து வாரங்கள் நோட்டைத் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை.

அதிகம் படிக்கப்பட்டது பொங்கும் எண்ணெய் பற்றிய பக்கம். சர்ச் கன்சோலில் வந்த சொற்கள் நோட்டில் இருந்த சொற்களோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனால் அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் எண்ணெயை வாங்காதவர்கள், வாங்கப்போவதும் இல்லை. எவருடைய எண்ணெய் பொங்கினாலும் எங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள். இதற்கு மகிழ்வதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், கூரியரில் அனுப்பும் ஒவ்வொரு புட்டியோடும் அந்தப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறோம். பொங்குகிறது என்று கோபத்தோடு வரும் அழைப்புகள் அநேகமாக நின்றுவிட்டன. இரண்டாம் முறை வாங்குபவர்களும் கூடியிருக்கிறார்கள். அதில் தீபாவளிக்கு எவ்வளவு பங்கு, எழுத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

நான் எதிர்பாராத விற்பனை பிண்ணாக்கில் நடந்தது. கடலைப் பிண்ணாக்கில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் உருவாகும் அஃப்லடாக்சின் என்ற நச்சு மாட்டுக்கும் பாலுக்கும் கேடு, வாங்கும்போது எதை முகர்ந்து எதை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விவசாயி கேட்டதற்காக ஒரு பக்கம் எழுதினேன். படித்தவர்கள் குறைவு. ஆனால் அழைத்தவர்கள் அநேகமாக எல்லோரும் வாங்கினார்கள். நோட்டின் இரண்டாவது கட்டத்தில் 'பிண்ணாக்குப் பக்கம்' என்று பதினொரு முறை எழுதியிருக்கிறேன். இப்போது பிண்ணாக்கு தேங்குவதில்லை.

வாட்ஸ்அப்பில் தவறு செய்தேன். தொடக்கத்தில் வாரம் மூன்று செய்திகள் அனுப்பினேன். பழைய வாடிக்கையாளர்களே எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். இப்போது மாதம் இரண்டுதான், புதிதாக ஆட்டிய எள்ளோ கொப்பரையோ தெளிந்து புட்டியில் ஏறும் நாளில் மட்டும். விலைக் கணக்கில் மளிகைக்காரர் ஐயா சொன்னபடி ரூபாயை நீக்கிவிட்டேன். ஒரு பலகாரக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, 'இரண்டரைக் கிலோ ஆகிறது என்றால் இந்த விலைக்கு எப்படிக் கட்டுபடியாகிறது?' என்று அவரே கேட்டார்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று, அதை நானே உண்டாக்கிக்கொண்டேன். கார்த்திகை இறுதியில், தேங்காய் எண்ணெய் உறைவது பற்றி எழுதும்போது, ஆர்வ மிகுதியால், உறைந்தால்தான் சுத்தமான எண்ணெய் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். நேற்று முன்தினம் சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். மார்கழி பாதி கடந்தும் எங்கள் எண்ணெய் உறையவில்லை, ஆகவே கலப்படம்தானே, உங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். சென்னையில் மூடிய சமையலறைக்குள் வெப்பம் அந்த அளவுக்கு இறங்காத இரவுகளே மிகுதி. பாமாயில் கலந்த எண்ணெயும் குளிரில் உறையும் என்பதால், உறைவது தூய்மைக்குச் சான்றும் ஆகாது.

அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். அழித்தால், சென்னை வாடிக்கையாளர் மறுபடி பார்க்கும்போது அந்த வரி அங்கே இருக்காது, நாங்கள் மறைத்துவிட்டோம் என்று நினைப்பார். ஆகவே பக்கத்தின் தலையில், 'இந்தப் பக்கத்தில் முன்பு தவறாக எழுதியிருந்தோம்' என்று தொடங்கித் தேதியுடன் ஒரு பத்தி எழுதி, அதை முதலில் அவருக்கே அனுப்பிவைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பிழைதிருத்தி ஐயா, அந்தப் பத்தியை ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?

பழைய பிழைதிருத்தி | 4 ஜனவரி

பார்த்தேன் அம்மணி. பத்தியில் ஓரிடத்தில் தேவையில்லாத ஒற்று விழுந்திருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றபடி ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.